ஸ்டூலில் உட்காராத ரோஸிலிச் சேச்சி

தரை துடைக்கிறவளுக்கு எல்லாருடைய கால்களும் தெரியும். காலை ஒன்பது மணிக்கு நான் வாளியும் துணியுமாக வேட்டிக் கவுண்டர் பக்கம் வரும்போது, அங்கே நிற்கிற பன்னிரண்டு ஜோடிக் கால்களில் எது யாருடையது என்று நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவேன். அதில் ரோஸிலிச் சேச்சியின் கால்களைப் பார்த்தால் மட்டும் எனக்கு மாதாவை நினைக்கத் தோன்றும். கணுக்காலுக்கு மேலே நீல நரம்புகள் கயிறு முறுக்கியதுபோலப் புடைத்திருக்கும். சாயங்காலம் ஆனால் செருப்பு வார் சதைக்குள் புதைந்து காணாமல் போகும்.

"சேச்சி, கொஞ்சம் தூக்குங்க, துடைச்சுக்கறேன்" என்பேன்.

"தூக்கினா திரும்ப வைக்கத் தெரியாது அன்னம்மா. சுத்தித் துடைச்சுக்கோ" என்பார்.

சாலக்குடியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலையில் இருக்கிற ஜவுளிக்கடை எங்களுடையது. எங்களுடையது என்று சொல்வது வாய்ப்பழக்கம். கடை வறீது முதலாளியுடையது. நான் அங்கே பதினேழு வருடமாகத் தரை துடைத்து, பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் சாயா போட்டுக் கொடுக்கிறவள். ரோஸிலிச் சேச்சி கீழ்த்தளத்துக்கு இன்சார்ஜ். வேட்டி, செட்டு முண்டு, பருத்திச் சேலை எல்லாம் அவர் பொறுப்பு. பத்தொன்பது வயதில் மடிப்பு அறையில் வேலைக்குச் சேர்ந்தவர். கடைக்கு வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற சேலைகளை எல்லாம் மேலே கொண்டுபோய், மறுபடி பழைய மடிப்பிலேயே மடித்துக் கீழே அனுப்புகிற அறை அது. அங்கிருந்து கவுண்டருக்கு வந்து, பிறகு இன்சார்ஜ் ஆகி, இப்போது ஐம்பது வயது. மார்பில் ஒரு நீலப் பட்டை குத்தியிருப்பார். அதுதான் இன்சார்ஜுக்கு அடையாளம்.

கவுண்டருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு ஸ்டூல் கிடந்தது. கடையில் நிற்கிறவர்கள் இடையில் உட்காரலாம் என்று சட்டம் வந்தபோது வாங்கிப் போட்டது. யாரும் உட்காரமாட்டார்கள். மேலே கேமரா இருக்கிறது, முதலாளி தன் அறையில் இருந்து பார்ப்பார். இன்சார்ஜ் உட்கார்ந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனாலும் ரோஸிலிச் சேச்சி உட்கார்ந்ததில்லை. ஒருநாள் கேட்டேன்.

"நான் உக்காந்தா இந்தப் பதினோரு பேரும் என் தலையைப் பாத்துக்கிட்டு நிக்கணுமே, அன்னம்மா. அது எனக்கு ஆகாது."

மதியம் இரண்டு மணியில் இருந்து மூன்றரை வரை கடையில் ஈ ஓட்டுவோம். மற்ற தளங்களில் அந்த நேரம் பெண்கள் தூணில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள். கீழ்த்தளத்தில் அது ரோஸிலிச் சேச்சியின் பாட நேரம். மடிப்பு அறையில் இருந்து ஒருத்தியைக் கீழே வரவழைப்பார். முதல் வாரம் முழுக்க அவள் வாங்க வந்தவள், சேச்சி விற்கிறவர். அடுத்த வாரம் அவள் விற்கவேண்டும், சேச்சி வாங்க வருவார். அதுவும் சாதாரணமாக வரமாட்டார். ஒருநாள் கணவனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவளாக வருவார், ஒருநாள் நாத்தனாருக்கு எடுப்பவளாக வருவார்.

"நாத்தனாருக்கு எடுக்கறவ எப்படி எடுப்பா தெரியுமா? பாத்தா நல்லதா இருக்கணும், உடுத்தினா நல்லா இருக்கக் கூடாது. அப்படி ஒண்ணை நீ எடுத்துக் காட்டணும். என்னா, சிரிக்கறே? காட்டு பாப்போம்."

அப்படி ஒன்பது பேரைக் கவுண்டருக்குக் கொண்டுவந்தார். அதில் ஆறு பேர், கை தேர்ந்ததும், திருச்சூர்ப் பெரிய கடைகளுக்குப் போய்விட்டார்கள். போகிறவள் ஒவ்வொருத்தியும் சேச்சியின் கையைப் பிடித்து அழுவாள். சேச்சி தலையில் கை வைத்து அனுப்பிவிட்டு, அடுத்த நாள் மடிப்பு அறைக்கு ஆள் அனுப்புவார். ஒவ்வொரு முறையும் மறுபடி முதலில் இருந்து. நாத்தனார், சண்டை, எல்லாம்.

வறீது முதலாளிக்கு அது பொறுக்காது. "ரோஸிலி, நீ என் கடையில வேலை பாக்கறியா, இல்ல திருச்சூர்க்காரனுக்கு ஆள் தயார் பண்றியா?"

"ரெண்டும்தான் முதலாளி. நீங்க கொஞ்சம் கூட்டிக் குடுத்தா முதல் வேலை மட்டும் பாப்பேன்."

முதலாளி சிரித்துவிட்டுப் போவார். நல்ல மனிதர்தான். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு எங்கள் கோவிலில் முதல் வரிசையில் முழங்கால் போடுவார். ஆனால் கடைக்குள் வந்தால் மனம் வேறாகிவிடும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வியாபாரம் அப்படி.

போன வருடம் மிதுன மாதக் கடைசியில் அவர் எல்லாரையும் கூப்பிட்டு இரண்டு செய்தி சொன்னார். ஒன்று, ஓணத்துக்கு முன் மடிப்பு அறையை எடுத்துவிடப் போகிறார். அந்த இடத்தில் போனில் வருகிற ஆர்டர்களைப் பெட்டி கட்டுவார்கள், அதற்கு வேறு ஆட்கள் வருவார்கள். இனி அவரவர் பிரித்ததை அவரவரே மடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு, கொச்சியில் ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்திருந்தார். அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் மூன்று வார்த்தை தவறாமல் சொல்லவேண்டும். உள்ளே வரும்போது வணக்கம், நடுவில் தன் பெயர், போகும்போது கையைக் கூப்பி, சிரித்து, "மறுபடியும் வரணும்." கேமராவில் இப்போது சத்தமும் கேட்கும். சொல்லாதவர்களுக்கு ஊக்கத்தொகை கிடையாது.

ரோஸிலிச் சேச்சி அன்று சாயாவை வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார். "முகத்தைப் பாத்துப் பேசுன்னு இத்தனை வருஷமா சொல்லிக் குடுத்தேன். இப்ப எல்லா முகத்துக்கும் ஒரே பேச்சாம். சரி, சொல்லிக் குடுத்துடறேன். எனக்கென்ன, வாய்தானே."

மடிப்பு அறையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் தாங்களாகவே வேலையை விட்டு நின்றுகொண்டார்கள். ஒருத்தி தையலுக்குப் போனாள். மிச்சம் வல்சலா. என் வயதுதான், நாற்பத்தாறு. பதினாலு வருடம் அந்த அறையில் யாரோடும் அதிகம் பேசாமல் மடித்துக்கொண்டிருந்தவள். அவளுடைய கணவர் தென்னை ஏறுகிறவர், விழுந்த பிறகு ஏறுவதில்லை. வீட்டில் வருகிற ஒரே சம்பளம் இவளுடையது.

வேட்டிக் கவுண்டரில் ஓர் இடம் காலியாக இருந்தது, முதலாளிக்கு அதற்கு இளவயதுப் பெண் யாராவது வேண்டும். ரோஸிலிச் சேச்சி மேலே அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அடுத்து வருகிற கர்க்கடக மாதம் முழுவதும் வல்சலா வேட்டிக் கவுண்டரில் நிற்கலாம். மாதக் கடைசியில் சரியாக இருந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் மடிப்பு அறையோடு அவளும் போகவேண்டியதுதான்.

"சேச்சி, எனக்கு ஆளைப் பாத்தா நாக்கு எழும்பாது. துணியா இருந்தா பேசாம மடிச்சுடுவேன்" என்றாள் வல்சலா, முதல் நாள் இரண்டு மணிக்கு.

"ஆளும் துணிதான்டி. எங்க மடிப்பு இருக்குன்னு பாத்துப் பிரி. முரட்டுத்தனமாப் பிரிச்சா கசங்கும், அவ்வளவுதான்."

வல்சலாவுக்குக் கை இருந்தது. எந்த வேட்டி நாலு சலவைக்குத் தாங்கும், எது தாங்காது என்று தொட்டதும் தெரியும். பதினாலு வருடம் தொட்டது சும்மா போகுமா? வாய்தான் வரவில்லை. அதனால் சேச்சி அந்த மூன்று வார்த்தையையும் அவளை நூறு தடவை சொல்ல வைத்தார். தூணிடம் சொன்னாள். செட்டு முண்டு உடுத்தி நிற்கிற பொம்மைகளிடம் கை கூப்பி, "மறுபடியும் வரணும்" என்றாள். பக்கத்துக் கவுண்டர் ஷைனி விடமாட்டாள்.

"வல்சலேச்சி, அந்தப் பொம்மை ஆறு வருஷமா இங்கயேதான் நிக்குது. அதை எங்க மறுபடியும் வரச் சொல்றீங்க?"

இரண்டாவது வாரம் அது வல்சலாவின் நாக்கில் ஒட்டிக்கொண்டது. நான் சாயா டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பினால், பின்னால் இருந்து "மறுபடியும் வரணும்" என்பாள். பஸ்ஸில் இருந்து இறங்கும்போது கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அவன், "நாளைக்குக் காலையில எட்டே காலுக்கு வருவேன் சேச்சி, நில்லுங்க" என்றானாம். அதைச் சொல்லி அவளே சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் நான் பார்த்தேன். ரோஸிலிச் சேச்சியும் சிரித்தார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், நானும்தான்.

கர்க்கடகம் இருபத்தேழாம் தேதி. மழை விடிந்ததில் இருந்து விடவில்லை. கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நனைந்தபடி நான்கு பேர் உள்ளே வந்தார்கள். ஒரு நடுவயது ஆள், அவருடைய மனைவி, தம்பி, கூடவே வெள்ளை உடுத்திய வயதான ஓர் அம்மா. நான் வாசலில் சாக்கு விரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நடையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. துணி எடுக்க வருகிறவர்கள் உள்ளே வந்ததும் சுற்றிப் பார்ப்பார்கள். இவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. நேராக வேட்டிக் கவுண்டருக்குப் போய், "கோடி வேணும். பதினொண்ணு" என்றார் அந்த ஆள்.

கோடி என்றால் இறந்தவர் மேல் உறவுக்காரர்கள் போர்த்துகிற புது வேட்டி. அந்த ஆளுடைய அப்பா, பள்ளிக்கூட வாத்தியார் குருப்பு மாஷ், அன்று விடியற்காலையில் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அந்தக் குடும்பத்தில் நாலு கல்யாணத்துக்கும் எங்கள் கடையில்தான் எடுத்தார்கள்.

ரோஸிலிச் சேச்சி அந்த நேரம் மேலே முதலாளி அறையில் இருந்தார். கவுண்டரில் வல்சலா மட்டும்.

நான் சாக்கோடு நின்று பார்த்தேன். வணக்கமும் சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை அவள். எந்த விலையில் வேண்டும் என்றும் கேட்கவில்லை. சன்னக் கரை வேட்டிகளாகப் பதினொன்று எடுத்து வைத்தாள். கூஜாவில் இருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அந்த ஆளின் பக்கம் நகர்த்தினாள். அவர் குடித்தார். பிறகு ஒவ்வொரு வேட்டியிலும் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் கிழிசல் தெரியாமல் உரித்து எடுத்தாள். பொன் எழுத்துப் போட்ட பையை எடுக்காமல், வெறும் காகிதத்தில் கட்டிச் சணல் நூல் போட்டாள். ரோஸிலிச் சேச்சி நின்று செய்திருந்தாலும் இதைவிடச் செய்ய முடியாது. என் நெஞ்சு குளிர்ந்தது.

பில் போட்டு முடிந்தது. வல்சலா பொதியை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் கொடுத்தாள். கொடுத்ததும் அவள் கைகள் தாமாகவே கூப்பின. உதடு விரிந்தது. நூறு தடவை சொன்ன அதே குரலில், தெளிவாக, சிரித்த முகத்தோடு சொன்னாள்.

"மறுபடியும் வரணும்."

முதலில் அந்த வயதான அம்மாதான் பேசினார். "வரணுமா? இன்னும் யார் போகணும்னு சொல்றே? பேரைச் சொல்லிடு, இப்பவே சேத்து எடுத்துட்டுப் போயிடறோம்."

வல்சலா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆள் பொதியைக் கவுண்டர் மேல் வைத்தார். நான்கு பேரும் மழையில் இறங்கி எதிர்ச் சாரியில் இருக்கிற கடைக்குள் போனார்கள். பொதி அங்கேயே கிடந்தது.

கேமராவில் பார்த்த முதலாளி இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்தார். பின்னாலேயே ரோஸிலிச் சேச்சி, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக.

"நாப்பது வருஷக் கடை! சாவு வீட்டுக்காரன்கிட்ட மறுபடியும் வான்னு சொல்ற ஆளை எங்கேருந்து பிடிச்சே ரோஸிலி? அறிவு வேண்டாமா? வல்சலா, நாளையிலேருந்து..."

"முதலாளி" என்றார் ரோஸிலிச் சேச்சி. மூச்சு வாங்கியது. "அவ சொன்னது இல்ல அது. நான் சொல்லிக் குடுத்தது. எப்ப சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன், எப்ப சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கலை. எத்தனையோ வருஷமா கோடி எடுத்துக் குடுக்கறேன், ஒருதடவை வாயைத் திறந்தது கிடையாது. அது எனக்குப் பழகிப்போச்சு. பழகிப்போனதைச் சொல்லிக் குடுக்கணும்னு தோணவே இல்ல. தப்பு என்னுது."

வார்த்தையைக் கொச்சியில் இருந்து கொண்டுவந்தது யார் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

கவுண்டரில் கிடந்த பொதியை முதலாளி சேச்சியின் பக்கம் தள்ளினார். "தப்பு உன்னுதுன்னா நீயே சரி பண்ணு. அந்த வீட்டுக்காரங்க வாயால பரவாயில்லன்னு வரணும். மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா வல்சலா போகவேண்டியதுதான். அப்புறம் என்னைக் குறை சொல்லாதே."

அதற்கு நான்கு நாள் இருந்தது.

மாஷின் வீடு கொடகரைக்கு உள்ளே, என் தங்கையைக் கொடுத்த ஊர். வழி தெரியும் என்பதால் நானும் போனேன். மூன்றாம் நாள் மதியம், இரண்டு மணிக்கு, பாட நேரத்தில் கிளம்பினோம். பஸ்ஸில் இடம் இருந்தும் வல்சலா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றாள். ரோஸிலிச் சேச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டினார். நான் முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தேன்.

"சேச்சி, நான் வரலைன்னா என்ன?" என்றாள் வல்சலா. "நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. என்னைப் பாத்தா அவங்களுக்கு எரியும்."

"எரியட்டும். நீ வந்து நில்லு. பேச வேண்டாம்."

"பேசச் சொன்னாலும் பேசமாட்டேன். இனிமே இந்த நாக்கை நான் நம்பமாட்டேன்."

"நாக்கு என்ன செய்யும், பாவம். அதை அடிச்சுப் பழக்கினது நான்." சேச்சி கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு அலுத்துப்போச்சு வல்சலே. ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தறதுக்குள்ள ஒருத்தி போயிடறா. நின்னவளை நானே தள்ளி விட்டுடுவேன்போல இருக்கு. உன்னோட போதும்னு நினைக்கறேன்."

வீட்டு முற்றத்தில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. மகன் இல்லை, சடங்குக் காரியமாக வெளியே போயிருந்தார். அந்த வயதான அம்மாதான் வந்தார். மாஷின் தங்கை, மாதவியம்மா. எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வல்சலா என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"உக்காருங்க" என்றார். நாங்கள் உட்காரவில்லை.

"அம்மா, அன்னிக்கு இவ சொன்னது..." என்று ரோஸிலிச் சேச்சி ஆரம்பித்தார். "நான்தான் இவளுக்கு மேலே இருக்கறவ. கிளிக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி நான் சொல்லிக் குடுத்தேன். இவ மனசுல ஒண்ணும் இல்ல. கோபம் இருந்தா என்னைத் திட்டுங்க."

மாதவியம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எங்க வீட்டுல கூடப் பொறந்தவங்க நாங்க அஞ்சு பேர். நாலு பேர் போயாச்சு. எனக்கு எழுபத்தெட்டு. அடுத்தது யாருன்னு யாரும் சொல்லித் தெரிய வேண்டாம் எனக்கு. அந்தப் பொண்ணு கை கூப்பிச் சிரிச்சப்போ, என்னைப் பாத்துத்தான் சொல்றான்னு தோணுச்சு. அதான் சுள்ளுன்னு வந்துது."

வல்சலா என் பின்னால் இருந்து விம்மினாள்.

"அழாதேம்மா. இங்க வா. இப்படி முன்னால வா." வல்சலா வந்தாள். "நீ விலைச் சீட்டை உரிச்சே பாரு, நகத்தால. அதை நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன். எதிர்க்கடையில உரிக்கலை. அவசரத்துல நாங்களும் பாக்கலை. பந்தல்ல வெச்சு அண்ணன்மேல போத்தினப்புறம் பாக்கறேன், நெஞ்சுமேல நானூத்தி நாப்பதுன்னு ஒட்டியிருக்கு. நாப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் குடுத்த மனுஷன். நெஞ்சுல விலை ஒட்டி." அவர் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "நான்தான் குனிஞ்சு உரிச்சேன். பாதி வந்துது, பாதி வரலை. அப்பதான் உன்னை நினைச்சேன்."

பால் இல்லாத கட்டங்காப்பி கொடுத்தார். குடித்தோம். முதலாளி கேட்ட "பரவாயில்ல" என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. ரோஸிலிச் சேச்சியும் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

சாவு வீட்டில் இருந்து கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. மூன்று பேரும் பேசாமல் படி இறங்கினோம். வல்சலா முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தாள். சாலை வந்த பிறகுதான் விட்டாள்.

"எதுக்குடி அதைத் தின்னே?" என்றார் சேச்சி.

"வாய் சும்மா இருக்குமான்னு பயம் சேச்சி."

நடுரோட்டில் நின்று ரோஸிலிச் சேச்சி சிரித்தார். மழை நீர் கன்னத்தில் ஓட ஓடச் சிரித்தார். பிறகு கால் வலிக்கிறது என்று மைல்கல்லைப் பிடித்து நின்றார்.

மாதக் கடைசி நாள் காலையில் மாஷின் மகன் முதலாளிக்குப் போன் செய்தார். அத்தை சொன்னதாகச் சொன்னாராம், பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் வீட்டில் எல்லாருக்கும் புதுத்துணி எடுக்கவேண்டும், அந்தத் தண்ணீர் கொடுத்த சேச்சிதான் எடுத்துத் தரவேண்டும் என்று. முதலாளி கீழே வந்து, வல்சலா இனி வேட்டிக் கவுண்டர்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வல்சலா சுவரைப் பார்த்துச் சிலுவை போட்டாள். அவள் எங்கள் கோவில்காரி அல்ல. என்னைப் பார்த்துப் பார்த்துப் பழகியது.

அன்று சாயங்காலம் முதலாளி ரோஸிலிச் சேச்சியை மேலே கூப்பிட்டார். நான் அப்போது சாயா கொண்டுபோயிருந்தேன், அதனால் கேட்டது.

"ரோஸிலி, தப்பு என்னுதுன்னு எல்லார் முன்னாலயும் நீதானே சொன்னே. நான் அதைக் கேக்காத மாதிரி இருந்தா நாளைக்கு வேற யாரும் பயப்படமாட்டாங்க. ஜின்ஸி படிப்பு முடிச்சு வந்திருக்கா. கீழ்த்தளம் அவ பாக்கட்டும். நீ கவுண்டர்ல இரு. வயசும் ஆச்சு இல்லையா, உனக்கும் சுமை குறையும்."

ஜின்ஸி முதலாளியின் மனைவிக்கு அண்ணன் மகள். இருபத்தைந்து வயது.

"சரி முதலாளி" என்றார் சேச்சி. அவ்வளவுதான். நீலப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பன்னிரண்டு வருடமாகக் குத்துகிற இடத்தில் சேலையில் இரண்டு சின்ன ஓட்டைகள் தெரிந்தன. சாயாவை எடுத்துக்கொள்ளாமலே இறங்கிப் போனார். நான் கீழே கொண்டுவந்து கொடுத்தபோது ஆறியிருந்தது. ஆறியதையே குடித்தார்.

ஜின்ஸியைக் குறை சொல்ல முடியாது. மரியாதையான பெண். வந்த முதல் வாரமே ரோஸிலிச் சேச்சியிடம் வந்து கேட்டாள். "சேச்சி, கோடி எடுக்க வர்றவங்களுக்குப் போகும்போது என்ன சொல்லணும்? எழுதிக்கறேன்."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் மோளே. பொதியை ரெண்டு கையாலயும் குடு. போதும்."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். பாட நேரம் இப்போது மேல்மாடியில், திரையில் படம் போட்டு நடக்கிறது. பார்த்துவிட்டு வருகிற பெண்கள் இரண்டரை மணிக்கு வேட்டிக் கவுண்டருக்கு வந்து, "சேச்சி, அந்த நாத்தனார் கதை என்ன?" என்று மெதுவாகக் கேட்பார்கள். சேச்சி, "எனக்கு முடியலை, வல்சலாவைக் கேளு" என்பார். வல்சலா சொல்லுவாள். தப்பாகச் சொன்னால் சேச்சி கண்ணை மூடிக்கொண்டே திருத்துவார்.

ஓணத்துக்கு ஐந்து நாள் முன்னால், நெரிசல் கொஞ்சம் ஓய்ந்த ஒரு மதியம். காலையில் இருந்து சேச்சி கவுண்டர் விளிம்பைப் பிடித்தபடிதான் நின்றார். நான் துடைத்துக்கொண்டு வந்தேன். கணுக்கால் எது பாதம் எது என்று தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. வல்சலாவும் பார்த்தாள். ஒரு காலை நீட்டி, சுவரோடு கிடந்த ஸ்டூலை இழுத்துச் சேச்சியின் பின்னால் கொண்டுவந்தாள்.

"உக்காருங்க."

"வேண்டாம்டி. கேமரா."

"கேமரா இருக்கட்டும். நீங்க உக்காருங்க. ஆள் வந்தா நான் பாத்துக்கறேன்."

ஜின்ஸி அந்தப் பக்கம் வந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள், சேச்சியைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வல்சலா பேசினாள். அந்த வல்சலாதான், துணியிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தவள்.

"மேடம், சேச்சிக்குக் கால்ல நீர் வெச்சிருக்கு. அரை மணி நேரம் உக்காருவாங்க. அவங்க பங்கும் நான் நிக்கறேன். முதலாளி கேட்டா வல்சலா சொன்னான்னு சொல்லுங்க."

மேலே கேமரா கேட்கிற மாதிரியே சொன்னாள். ஜின்ஸி, "சரி" என்று சொல்லிவிட்டுப் பருத்திச் சேலைப் பக்கம் போனாள்.

ரோஸிலிச் சேச்சி உட்கார்ந்தார். மெதுவாக, நம்பிக்கை இல்லாதவர்போல, ஸ்டூலின் விளிம்பில். பிறகு முழுவதுமாக. "கர்த்தாவே" என்று ஒரு மூச்சு விட்டார். செருப்பில் இருந்து கால்களை உருவினார்.

ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் உள்ளே வந்தது. வல்சலா அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனாள்.

இப்போதெல்லாம் மதியம் துடைக்கும்போது, வேட்டிக் கவுண்டரில் ஸ்டூலின் நாலு கால்களையும் சுற்றித் துடைக்கவேண்டியிருக்கிறது. கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.